தாடை முறிவும் சிகிச்சைத் திட்டமும்

கீழ்த்தாடை குதிரை லாடம் போல் வளைந்து, இரு முனைகளிலும் காதுக்கு முன்னால் மூட்டாக அமைந்தது. ஆகையால் ஓரிடத்தில் விழும் அடி வேறோரிடத்திலும் எலும்பை முறிக்கும். மோவாய் மோதி விழுந்தவருக்கு இரு மூட்டுக் கழுத்துகளும் முறிந்திருத்தல் அபூர்வமன்று. பற்கள் முன்போல் பொருந்தாமை, கீழுதடு மரத்தல், நாவின் அடியில் ரத்தம் கட்டுதல் ஆகியவை முறிவின் அறிகுறிகள்.

சென்னை-நெல்லூர் நெடுஞ்சாலையை அடுத்து 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சிட்டி தொழில் நகரிலிருந்து திருப்பதியின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கோ சென்னைக்கோ செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். உயிர் நிலைப்பது அவ்வழியில்தான். தாடையின் முன்பகுதி இருபுறமும் முறிந்தால் நாவைத் தாங்கும் தசைகள் பிடிப்பிழக்கும்; மல்லாந்து கிடப்பவரின் நா பின்சரிந்து மூச்சை அடைக்கும். முதல் உலகப் போரில் வில்லியம் கெல்சி ஃப்ரை என்னும் பல் வைத்தியர், தாடை சிதைந்த போர்வீரர் ஒருவரைத் தலைகுனிந்த நிலையிலேயே நடத்திக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அங்கே அவரை மல்லாக்கப் படுக்க வைத்தனர். சிறிது நேரத்தில் அவர் மூச்சடைத்து இறந்தார். நினைவுள்ளவரை முன்குனிந்து உட்காரச் செய்க. நினைவிழந்தவரையும், கழுத்தில் காயம் இருக்கலாமென ஐயுறப்படுபவரையும், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேரில் இருக்கப் பலர் சேர்ந்து ஒருக்களித்துக் கிடத்துக.

ஆஸ்பத்திரியில் சி.டி. படம் எடுத்தபின் திட்டம் வகுக்கப்படுகிறது. எலும்பு பல துண்டுகளாகி, எது எங்கிருந்ததென்று விளங்காதபோது, கம்ப்யூட்டரில் நலமுள்ள பக்கத்தின் பிம்பத்தைப் புரட்டிப் பழுதான பக்கத்தின்மேல் பொருத்துவர். அவ்வுருவை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் மாதிரியாக வார்த்து, டைட்டானியத் தகட்டை அதன்மேல் முன்கூட்டியே வளைத்து வைப்பர். அறுவைக் கூடத்தில் நேரம் மிச்சமாகும். ஆயினும் மாதிரி எவ்வளவு நேர்த்தியாயினும், இறுதி அளவுகோல் நோயாளியின் பற்களே. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி கடிக்குமாறு கம்பியால் கட்டியபின்தான் தகடு திருகப்படும். ஒற்றை முறிவுக்குச் சிறு தகடுகள் போதும். அங்கே எலும்பும் பளுவில் பங்கு கொள்கிறது. நொறுங்கிய எலும்பால் அது இயலாது. கனத்த தகடே முழுப் பளுவையும் ஏற்கவேண்டும்.

வாய் கட்டப்பட்டவர் வீடு திரும்பினால், வாந்தி வரும்போது கம்பியை வெட்ட ஒரு வெட்டுக் குறடு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் அவசியம். எக்கம்பியை வெட்டுவதென வீட்டாருக்கு முன்னரே காட்டிவிடுக.

ஆசிரியர்களுக்கு ஒன்று: பள்ளியில் மோவாய் மோதி விழுந்த குழந்தைக்குத் தையல் போட்டதோடு காரியம் முடிவதில்லை. கவனியாது விட்ட மூட்டு முறிவு சில குழந்தைகளுக்கு மூட்டை இறுகச் செய்து, வாய் திறவாமலும் தாடை வளராமலும் ஆக்கும். வாரங்கள் சென்றபின்னும் இரு விரல் நுழையுமளவு வாய் திறவாத குழந்தையைத் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அனுப்புக.