படம் பிடித்துப் பாகங்களைக் குறி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

தவளையின் இதயத்தை வரைந்து பாகங்களைக் குறிக்காத மாணவர் நம் துறையில் இரார். பென்சில் கோடு படுக்கையாக வர வேண்டும்; ஒரு கோடு மற்றொன்றை வெட்டலாகாது; பெயர்கள் வலப்புறம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பிசகினால் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை விழும். இவ்விதிகள் வெறும் அழகுக்காக ஏற்பட்டவை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் அவ்வெண்ணம் மாறிற்று.

எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை என் அம்மாதான் எழுதுகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நோட்டுக் கணக்கைக் கணிப்பொறியிலும் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். பழைய மடிக்கணினி ஒன்றில் லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் மென்பொருளை நிறுவிக் கொடுத்து, விடுதிக்குத் திரும்பும் முன் ஒரு பயிற்சித் தாளும் தயாரித்தேன். ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசையால் திரையைப் படம் பிடித்து, அழுத்த வேண்டிய இடங்களில் சிவப்பு வட்டங்கள் போட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

“டேய், செவப்பு வளையத்தை அழுத்துன்னு எழுதியிருக்கே. என் திரையில அப்படி ஒண்ணுமே இல்லையேடா!”

கேள்வியில் தவறில்லை. திரையில் ஏற்கெனவே எத்தனையோ வண்ணக் குறிகள் உள்ளன. அவற்றுள் எது மென்பொருளுடையது, எது மகன் மேலே வரைந்தது என்று புதிதாகப் பார்க்கும் கண் எப்படிப் பிரித்தறியும்? குழுவின் மற்ற பெண்களுக்கு எடுத்த ஜெராக்ஸிலோ சிவப்பே இல்லை; எல்லாம் ஒரே சாம்பல்.

அப்போதுதான் தவளையின் இதயம் நினைவுக்கு வந்தது. ரெக்கார்டு நோட்டில் நாம் உறுப்பின் மேல் எழுதுவதில்லை. கோட்டை வெளியே இழுத்து வந்து பெயர் எழுதுகிறோம். படம் வேறு, குறி வேறு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. 1543ஆம் ஆண்டில் மனித உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியஸ், படங்களில் சிறு எழுத்துகளை மட்டும் பொறித்து, விளக்கத்தைத் தனியே தந்தார். (நிழல் விழுந்த தசைகளுக்கிடையே சில எழுத்துகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியோரும் பிசகியிருக்கின்றனர்!)

இரண்டாம் தாளை அம்முறையில் செய்தேன். லிப்ரே ஆபீஸ் டிரா மென்பொருளில் திரைப்படிவத்தை அடியில் ஓர் அடுக்காக வைத்து, கோடுகளையும் எண்களையும் அதன் மேல் தனி அடுக்காக வைத்தேன். கருப்புக் கோடுகள் படத்திற்கு வெளியே வந்து நிற்கும். அங்கே 1, 2, 3 என்று எண்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைப் படத்தின் கீழே தமிழில் எழுதினேன். கூட்டல் காணும் சிக்மா குறிக்கு எண் 4. மென்பொருளின் புதிய பதிப்பில் திரை மாறினால் அடிப்படத்தை மாற்றிக் கோடுகளைச் சற்று நகர்த்தினால் போதும். படத்தைப் பி.என்.ஜி. வகையில் சேமிப்பதே நன்று. ஜேபெக் வகை, புகைப்படத்திற்கு ஏற்றதாயினும், எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்தாற்போல் காட்டும்.

ஆனால், தனி அடுக்கினால் ஓர் ஆபத்தும் உண்டு. முதல் தாளில் உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்கள் தெரிந்தன. அவற்றின் மேல் கருப்புக் கட்டம் போட்டு மறைத்து, பி.டி.எஃப். கோப்பாக இருவருக்கு அனுப்பியிருந்தேன். பிறகு அதே கோப்பை டிராவில் திறந்து கட்டத்தை நகர்த்திப் பார்த்தேன். எண்கள் அப்படியே இருந்தன! அன்றிரவு தூக்கம் வரவில்லை. கோப்பை அழிக்கச் சொல்லி இருவரிடமும் கேட்டுக்கொண்டேன்.

படத்தை வெட்டிச் சிறிதாக்கினாலும் முழு நம்பிக்கை கொள்வதற்கில்லை. கூகுள் பிக்சல் போன்களின் ‘மார்க்கப்’ கருவியில் வெட்டிய படங்களில், வெட்டப்பட்ட பகுதியின் தகவல் கோப்பின் வால்பகுதியில் தங்கிவிடுவது 2023 மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. புதிய படம் பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டு, மீதி துண்டிக்கப்படாமல் விடப்பட்டதே காரணம். விண்டோஸின் வெட்டுக் கருவியிலும் இதே குறை காணப்பட்டது. இரு நிறுவனங்களும் அதைத் திருத்தின. ஆயினும் அதற்கு முன்பே பிறருக்குச் சென்றுவிட்ட படங்களைத் திருத்த முடியாது. ஆதலால் பயிற்சிப் படம் எடுக்கும் முன்பே பொய்ப் பெயர்களும் பொய் எண்களும் இட்டுக்கொள்வது ஒன்றே வழி. இப்போது எங்கள் தாளில் உள்ள உறுப்பினர்கள் ‘அ’, ‘ஆ’, ‘இ’. சந்தா எல்லாருக்கும் நூறு ரூபாய்.

பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது அந்தத் தாள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நான் ஐந்து எண்கள்தாம் இட்டிருந்தேன். அம்மா பென்சிலால் படத்திலிருந்து ஒரு கோட்டை நேராக வெளியே இழுத்து, ‘6. சேமி’ என்று எழுதி வைத்திருந்தார். அந்தப் படியை நான் விட்டேவிட்டிருந்தேன்.