மண்ணுக்குள் வாழும் நண்பர்கள்



மண்ணை உயிரற்ற பொருளென்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. அவற்றுட் சில நோய் தருவன. மிகப் பல நன்மை செய்வன.

நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களின் தொடக்க காலத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இராதபடி நிலத்தைச் செதுக்கி வைத்தனர். அவ்வாறு செதுக்கிய கைகளுள் நம் முன்னோரின் கைகளும் உண்டு. விளைவு என்ன? பெருமழை மேல்மண்ணை அடித்துச் சென்றது. ஆகவே, பியூரேரியா, சென்ட்ரோசீமா முதலிய அவரையினக் கொடிகளை நிலத்தை மூடிப் படரவிட்டனர். செம்பனைத் தோட்டங்களிலும் இம்முறை பரவியது.

இக்கொடிகள் மண்ணைக் காப்பதோடு நில்லாமல், உரமும் ஊட்டுகின்றன. அஃது எவ்வாறு? இவற்றின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனே. எனினும், செடிகள் அதனை நேரே உட்கொள்ள இயலாது. ரைசோபியம் அதனைச் செடிக்கேற்ற சத்தாக மாற்றித் தருகிறது. கைம்மாறாகச் செடி சர்க்கரை அளிக்கிறது. கொடியின் இலைகள் உதிர்ந்து மட்கும்போது அச்சத்து மரத்தைச் சேர்கிறது. 1888-ஆம் ஆண்டில் பெய்ஜெரிங்கு என்னும் டச்சு அறிஞர் இந்நுண்ணுயிரை முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார்.

1925-இல் நிறுவப்பெற்றுக் கோலாலம்பூரில் இயங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இக்கொடிகளை ஆராய்ந்தது. புல் மண்டிய நிலத்தைவிடக் கொடி படர்ந்த நிலத்தில் இளமரங்கள் விரைந்து பருத்துப் பால்வெட்டுக்கு வந்தன. மரத்தையே சாய்க்கும் வெண்வேர் நோயும் குறைந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எனினும், கிள்ளானில் வீட்டுக்கொல்லையிலும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பூந்தொட்டியிலும் இப்பாடத்தை நாம் கற்கலாம். பயற்றங்காய்ச் செடி பூக்கும் பருவத்தில் ஒன்றை மெல்லத் தோண்டி எடுப்போம். வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பார்ப்போம். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால், பாக்டீரியா உழைக்கிறதென்று பொருள்.

இந்நண்பர்களைக் காக்கும் வழிகள் எளியவை:

1. அறுவடைக்குப் பின் செடியை வேரோடு பிடுங்காமல், அடித்தண்டை அறுத்து வேரை மண்ணிலேயே விடுக.

2. பயற்றுக்கு யூரியாவை மிகுதியாக இடாதீர். சத்து எளிதிற் கிடைத்தால் செடி முடிச்சு வளர்க்காது.

3. சருகை எரிக்காமல் மண்மீது பரப்புக.

நாள்தோறும் உழைத்தும் ஊதியம் கேளா இவ்வுழைப்பாளிகளைப் பேணுவோம். நம் மண் நம்மைப் பேணும்.