மைக் செட்டுக்குப் புளி போடாதீங்க!



மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மகனோ வீட்டுக்காரரோ ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே அசெம்பிள் செய்து, ஸ்பீக்கர் பெட்டியும் அடித்து, வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, ஆடி என்று சீசனில் ஓடினால்தான் குழுக் கடன் தவணை கட்ட முடியும். அந்த நேரம் பார்த்து செட் கரகரவென்று இரைந்தால் அன்றைய வாடகையும் போச்சு, அடுத்த வருட ஆர்டரும் போச்சு. பல சமயம் இது பெரிய ரிப்பேராக இருக்காது. வயர் முனையில் செம்பு கறுத்திருக்கும், இல்லாவிட்டால் பச்சை பூத்திருக்கும்.

வீட்டில் செம்புக் குடம் கறுப்பது போலத்தான் இதுவும். காற்றும் ஈரமும் பட்டுச் செம்பின் மேல் படலம் கட்டுகிறது. கை வியர்வை உப்பு சேர்ந்தால் சீக்கிரம் பச்சையாகும். அமெரிக்காவில் 1886இல் திறந்த சுதந்திர தேவி சிலையும் செம்புத் தகடுதான், இன்று பச்சையாக நிற்கிறது. சிலைக்கு அது போர்வை மாதிரி, உள்ளே உள்ள செம்பைக் காக்கும். வயர் முனையில் அப்படி இல்லை, படலத்தைத் தாண்டி மின்சாரம் சரியாகப் போகாது. கரண்ட் வயரில் அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

கம்பியின் நடுவில் கறுத்தால் பாட்டு கெடாது. ஒன்றோடு ஒன்று தொடும் இடம்தான் முக்கியம். ஆகவே லேசாகக் கறுத்ததற்கெல்லாம் முழு வயரையும் மாற்றச் சொன்னால் யோசியுங்கள்.

குடத்துக்குப் போடும் புளியும் உப்பும் வயருக்கு ஆகாது. மெல்லிய இழைகளுக்கு நடுவில் தங்கிவிடும், எத்தனை கழுவினாலும் போகாது, மறுபடி அரிக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கறுத்த முனையை, பளிச்சென்று செம்பு தெரியும் வரை வெட்டி, புதிதாக உரித்து முறுக்குங்கள். வெட்ட முடியாத கனமான முனையை உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பிறகு, சால்டரிங் வைத்து இணைக்கும் முனைக்கு ஈயம் பூச வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதே வேலைதான். காற்று செம்பைத் தொடாது. ரேடியோ கடை ஈயத்தில் காரீயமும் கலந்திருக்கும், அது விஷம். குழந்தைகளைத் தள்ளி வைத்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் செய்த சர்க்யூட் போர்டு என்றால் செம்புப் பக்கத்துக்குத் தெளிவான வார்னிஷ் ஒரு கை அடிக்கச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளே மட்டும் நாம் கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும், அது மெக்கானிக் வேலை.

பேட்டரியில் ஓட்டுபவர்கள் முனையைச் சுத்தம் செய்து, கிளாம்பை இறுக்கிய பின் மேலே வாசலின் தடவலாம்.

செட்டை மாட்டுத் தொழுவத்திலும் யூரியா மூட்டை பக்கத்திலும் வைக்காதீங்க, அங்கே வரும் அம்மோனியா நெடி செம்பை அரிக்கும். மழையில் நனைந்த வயரை ஈரத்தோடு பாலிதீன் பையில் சுருட்டி வைப்பதும் கூடாது. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டி, பரணில் ஏற்றுங்கள்.