தொங்கு செர்ரி: கத்தரியை எடுக்கும் முன்

இங்கிலாந்து வீடுகளின் முன்தோட்டத்தில் குடை கவிழ்த்ததுபோல் நிற்கும் 'கிகு ஷிதாரே சகுரா' போன்ற குட்டைச் செர்ரி, பார்க்க ஒரே மரம்; உண்மையில் இரண்டு. கீழே நிமிர்ந்து நிற்பது வேறொரு செர்ரியின் தண்டு. அதன் தலையில் தொங்கும் வகையை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். புடைத்திருக்கும் அந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஒட்டுக்குக் கீழே தண்டிலோ வேரிலோ துளிர்ப்பதை உடனே நீக்குங்கள். இளந்துளிராக இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். விட்டுவைத்தால் விறைப்பாக மேலேறி, தொங்கும் வகையை அமுக்கிவிடும். எங்கள் தெருவில் ஒரு மரம் அப்படித்தான்: சுற்றிலும் இளஞ்சிவப்பு அடுக்குப்பூ, நடுவிலிருந்து ஐந்திதழ் வெள்ளைப்பூவோடு ஒரு கிளை மாடி ஜன்னலை எட்டுகிறது. வீட்டுக்காரருக்கு இரண்டு நிறத்தில் பூக்கிறதென்று பெருமை. நான் வாயைத் திறக்கவில்லை.

• ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள், மழையில்லாத நாளில் கவாத்து செய்யுங்கள். காய்ந்தது, ஒடிந்தது, ஒன்றோடொன்று உரசுவது: இவை போதும். குடைக்குள் குனிந்து பாருங்கள். வெயில் படாமல் செத்த குச்சிகள் காக்கைக் கூடுபோல் கிடக்கும்.

• கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் வளையத்தை விட்டு வெட்டுங்கள். காயம் மூடுவது அங்கிருந்துதான்.

• புதுக்கன்றுக்கு முதல் இரண்டு கோடைகள் தண்ணீர் ஊற்றுங்கள். மூடாக்கு தண்டைத் தொட வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• ஆப்பிளை வெட்டிய கையோடு குளிர்காலத்தில் இதையும் வெட்டாதீர்கள். ஈரப்பருவத்தில் பரவும் வெள்ளி இலை நோயின் பூஞ்சை வித்துகள் புதுக்காயம் வழியே உள்ளே போகும். இலையில் வெள்ளி மினுக்கம் தெரியும். பிறகு கிளை கிளையாகச் சாகும். நோய் வராவிட்டாலும் பூ போகும். வசந்தத்துக்கான மொட்டுகள் முந்தின கோடையிலேயே உருவாகியிருக்கும்.

• நுனிகளைச் சட்டி கவிழ்த்து முடிவெட்டியதுபோல் ஒரே மட்டமாக நறுக்காதீர்கள். தரையைத் தொடுபவற்றை மட்டும், நீளத்தை மாற்றி மாற்றி, ஒரு மொட்டுக்குச் சற்று அப்பால் வெட்டுங்கள்.

• வெட்டுக்காயத்தில் பெயின்ட் பூசாதீர்கள்.

• ஒட்டுக்கு மேலே நிமிர்ந்து எழும் கிளையை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். பெரும்பாலும் அதுவும் வளைந்து தொங்கி, குடைக்கு உயரம் சேர்க்கும். செர்ரியை வெட்டுபவனும் முட்டாள், பிளம்மை வெட்டாதவனும் முட்டாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்.