விளையாட்டுக் களமும் குடிநீரும்

மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் ஏர் பூட்டும் குடியானவர் எவரும் இலர். ஆனால் அவருடைய மகன் கபடிக் களத்தில் இறங்கும்போது, ‘ஆடும் வேளையில் தண்ணீர் குடித்தால் மூச்சு வாங்கும்’ என்று தடுக்கப்படுகிறான். கிராமப் போட்டிகளுக்குச் செல்லுந்தோறும் நாம் கேட்கும் சொல் இது. இக்கருத்து தவறானது, ஆபத்தானதுங்கூட. உடலில் நீர் குறைவதால் ஆடும் திறன் எவ்வாறு குன்றுகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

நீரின் பணி

வளர்ந்த மனிதனின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீரே. தசைகள் உழைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. இரத்தம் அதனைத் தோலுக்குக் கொண்டுவருகிறது. வியர்வை ஆவியாகி அதனைப் போக்குகிறது. வெயிலில் கடுமையாக ஆடுபவருக்கு மணிக்கு 1 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். அதனை ஈடு செய்யாவிடில் இரத்தத்தின் அளவு குறைகிறது. வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைமடை காய்வது போல, தசைக்கும் தோலுக்கும் போதிய இரத்தம் கிட்டுவதில்லை. இதயம் விரைந்து துடிக்கிறது, உடல் வெப்பம் ஏறுகிறது, களைப்பு முந்திக்கொள்கிறது.

எடையில் 2 சதவீத அளவு நீர் குறைந்தாலே, வெயிலில் நெடுநேரம் ஓடியாடும் ஆற்றல் குன்றத் தொடங்கும். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது 1.2 கிலோ மட்டுமே.

அயல்நாட்டுப் பாடம்

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. கடும் வெயில், புழுதி நிறைந்த மேட்டுச் சாலை, வழியில் நீர் கிடைத்த இடங்களோ மிகச் சில. ஓடத் தொடங்கியவர் 32 பேர். ஓடி முடித்தவர் 14 பேர் மட்டுமே. வென்றவருக்கே சுமார் மூன்றரை மணி நேரம் பிடித்தது. பயிற்சி பெற்ற வீரர்க்கே இக்கதி நேருமாயின், நமது பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

எடை குறைக்கும் வழக்கம்

எடைப் பிரிவு வைத்து நடத்தப்படும் கபடிப் போட்டிகளில், எடை குறைய வேண்டுமென்று சில இளைஞர்கள் முந்தின நாளே நீர் அருந்துவதை நிறுத்திவிடுகின்றனர். குறைவது கொழுப்பன்று, நீரே. தராசில் தேறியவன் களத்தில் தளர்ந்துவிடுவான்; உயிருக்கே கேடு நேரவும் கூடும். இவ்வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. போட்டிகளைக் காலையிலோ மாலையிலோ நடத்துக. நண்பகலைத் தவிர்க்க.

2. களத்தின் அருகே நிழலும், மூடிய பாத்திரத்தில் தூய குடிநீரும் வைக்க. இடைவேளைதோறும் வீரர்கள் சிறிது சிறிதாக அருந்தட்டும்.

3. நெடுநேரம் வியர்க்க ஆடியவருக்கு உப்பிட்ட மோர் அல்லது நீராகாரம் கொடுக்க. வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. எனினும் தாகத்திற்கு மிஞ்சி வெறும் நீரை அளவின்றிக் குடித்தலும் தீங்கே. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்துவிடும்.

4. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கப் பழக்குக. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் இழப்பைக் காட்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பதும் நீர்க்குறைவின் அறிகுறியாகலாம்.

5. வெயிலில் ஆடுபவன் தள்ளாடினாலோ, பிதற்றினாலோ, மயங்கினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுக. 108 ஆம்புலன்ஸை அழைக்க. நினைவிழந்தவன் வாயில் நீர் ஊற்றலாகாது.

இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். வெற்றிக் கோப்பைக்கு நிதி திரட்டும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், தண்ணீர்ப் பானைக்கு முதலிடம் தருவார்களாக. வயலில் உழைப்போருக்கும் இம்முறைகள் பொருந்தும். களம் இறங்கும் பிள்ளைகள் நலமே வீடு திரும்புவதே ஊருக்கு உண்மையான வெற்றியாகும்.