ஐம்பதாவது பறவை

மாணவியர் பன்னிருவரும் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரும், தை மாதத்தில் மூன்று நாள் பறவைகளைக் கண்டறியும் கல்விச் சுற்றுலா சென்று வந்தோம். முதல் நாள் ஊசுட்டேரி. இரண்டாம் நாள் வேடந்தாங்கல். கடைசி நாள் பாகூர் ஏரியும் சோரியாங்குப்பமும். அக்கடைசி நாளில் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறோம்.

வைகறையில் பாகூர் ஏரிக்கரையை அடைந்தோம். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுவையின் பெரிய ஏரி இதுவே. தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. உழவுக்காக அமைந்த ஏரி பறவைகளுக்கும் உணவூட்டுகிறது. ஆழமான நீரில் முக்குளிப்பான் மூழ்கி எழுந்தது. சற்று ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கால்களையுடைய நாரைகள் நின்றன. கரையோரச் சேற்றை உள்ளான்கள் கிளறின. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவே பொருந்தாமல் இடைவெளி விட்டிருப்பதைத் தொலைநோக்கியில் கண்டோம். வழுக்கும் நத்தையைக் கையாள அவ்வமைப்பு உதவுகிறது. ஒரே ஏரியில் இத்தனை பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற ஐயம் தீர்ந்தது. காலும் அலகும் வேறாதலால் இரை தேடும் இடமும் வேறாகிறது.

பிற்பகல் தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பம் சென்றோம். அதுவரை எங்கள் ஏட்டில் 49 வகைப் பறவைகள் இருந்தன. இன்னும் ஒன்று கிடைத்தால் ஐம்பது! பொழுது சாயும் வேளையில் ஆற்றின் மேல் பெரிய பறவையொன்று வட்டமிட்டது. "விரால் அடிப்பான்!" என்று கூவினோம். ஒருத்தி எழுதவும் தொடங்கிவிட்டாள்.

சிஸ்டர் மூன்றே கேள்விகள் கேட்டார். "அடிவயிறு வெண்மையா? கண் வழியே கரிய பட்டை உண்டா? நீருக்குள் பாய்ந்து கால்களால் மீனைப் பற்றியதா?" எதற்கும் எங்களிடம் விடையில்லை. எதிர்வெயிலில் நிழலுருவை மட்டுமே கண்டிருந்தோம். செம்பருந்தின் இளம் பறவையும் பழுப்பு நிறமாகவே இருக்கும் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. பறவையோ கடலூர்ப் பக்கமாகப் பறந்து மறைந்துவிட்டது.

"ஒரு பெயர்தானே, சிஸ்டர்!" என்று கெஞ்சினோம். அவர் பொறுமையாக விளக்கினார். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. எந்த நீர்நிலையில் எப்பறவை பெருகுகிறது, எது அருகுகிறது என்பதை இத்தகைய குறிப்புகளைக் கொண்டே அறிகிறார்கள். இல்லாத பறவையை இருந்ததாக எழுதினால், அது அழிந்து வருவதைக்கூட உலகம் உணராமல் போகும்.

எழுதத் தொடங்கிய பெயரை அடித்துவிட்டு, "பெரிய பருந்தினப் பறவை ஒன்று, இனம் தெரியவில்லை" என்று குறித்தோம். பேருந்தில் திரும்பும்போது சிறிது வருத்தம் இருந்தது உண்மைதான். ஆயினும் அந்த 49 பறவைகளையும் எங்கள் கண்களால் தெளிவாகக் கண்டோம் என்று யாரிடமும் துணிந்து சொல்வோம். தோழியரே, நீங்களும் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள், கண்டதை எழுதுங்கள், காணாததை விட்டுவிடுங்கள்.