கோடைப் பயிற்சியும் ஊதியமும்

எரிபொருள்களை ஆராயும் கூடங்களில் கோடை விடுமுறையில் பயிலும் மாணவர்க்கு ஊதியம் எற்றுக்கு? கற்பிப்பவரே கூலியும் கொடுத்தல் வேண்டுமோ என வினவுவாரும் உளர்.

ஐக்கிய அமெரிக்க நாட்டு எரிசக்தித் துறையினர் 1995-ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சித் திட்டமொன்று மிக்கி லேலண்டு என்பாரின் பெயரைத் தாங்கியது. அவர் ஹூஸ்டன் நகரத்தில் கறுப்பர் வாழும் எளிய பகுதியில் வளர்ந்து, காங்கிரஸ் அவையின் உறுப்பினராகிப் பசித்தோர்க்காக உழைத்தவர். 1989-இல் எத்தியோப்பியாவிலிருந்த அகதிகளைக் காணச் சென்றபோது, விமானம் மலையில் மோத, உயிர் துறந்தார்.

பெண்களும் சிறுபான்மை இனத்தாரும் இத்துறையிற் புகவேண்டுமென்பதே அத்திட்டத்தின் முதல் நோக்கம். மாணவர் பத்து வாரம் அறிஞரொருவரின் கீழ் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை ஆராய்ந்து, முடிவில் தாம் கண்டதை அவையில் எடுத்துரைத்தனர். வாரந்தோறும் உதவிப்பணமும் பெற்றனர்.

இப்பணம் இன்றேல் நிகழ்வது யாது? ஏழை மாணவனுக்குக் கோடை ஓய்வுக்காலம் அன்று; அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் தேடும் காலம். ஆராய்ச்சியில் எத்துணை வேட்கை இருப்பினும் அவன் உணவுச்சாலையில் தட்டுக் கழுவவே செல்வான். பயிற்சி பெற்றாரையே பின்னர் வேலைக்கு விரும்பியேற்கும் நிறுவனங்கள் அங்குப் பல. ஆதலின் அவனது இழப்பு ஒரு கோடையோடு ஒழிவதன்று. தொலைவிலுள்ள கூடத்திற்குச் செல்வதாயின் வழிச்செலவும் பத்து வாரக் குடிக்கூலியும் வேறு உள.